கால் மட்டும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சிஸ்டர். என் மனைவி தேன்மொழி. பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி அண்ணன். நான். கட்டிலில் என் மகள் கயல், பதினோரு மாதம்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

கயலுக்கு நாலாவது மாதம் கன்னத்தில் கரப்பான் வந்தது. சிவக்கும், தடிக்கும், நீர் கசியும், காயும், வெடிக்கும். பிறகு கழுத்து மடிப்பில் வந்தது. பிறகு தொடை இடுக்கில். டாக்டர்கள் இதை எக்ஸிமா என்கிறார்கள். ஒட்டுகிற நோய் இல்லை. தோல் காய்ந்து அரிக்கிறது, அரிப்பதைச் சொறிந்தால் புண்ணாகிறது, அவ்வளவுதான். ஆனால் குழந்தைக்கு அது தெரியாது. தலையைத் துணியில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். காலையில் துணியில் ரத்தம் இருக்கும்.

நான் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடப்பதை வாரி மேலே போடுவது வேலை. வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து கிராமத்தில். கலியமூர்த்தி அண்ணன் பர்மனென்ட். இத்தனை வருடம் ரப்பர் பூட்ஸுக்குள் வெந்து, அவருடைய இரண்டு பாதமும் மரப்பட்டை போல் தடித்துப் போயிருந்தன. அதுவும் எக்ஸிமாதான். தோல் டாக்டர் ஒருவர் அவருக்கு ஓர் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். நன்றாகக் கேட்டது.

ஒரு நாள் அந்த டியூபைப் பெட்டியோடு சுவருக்கு மேலே நீட்டினார்.

"வேலு, இந்தா. கொழந்த மூஞ்சில போடு. எனக்கு நாலே நாளு, கப்புனு அடங்கிப்புடுச்சி."

"ஒங்களுக்கு வேணாமாண்ணே?"

"இன்னும் ரெண்டு கெடக்குதுப்பா. மேல தடவுற மருந்துதானே, முழுங்கவா சொல்றேன்?"

அட்டைப் பெட்டியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து நிறைய இருந்தது. எனக்கு ஆங்கிலம் வராது. அதன் மேல், கடையில் மருந்து கொடுத்தவர் பேனாவால் தமிழில் இரண்டு சொல் எழுதியிருந்தார். கால் மட்டும்.

தேன்மொழிக்குப் படித்துக் காட்டினேன்.

"கால் மட்டும்னு போட்டுருக்குது. பவரு மருந்து போல. முழுசாப் போடக் கூடாது."

"எதுல காலு?"

யோசித்தேன்.

"பெரியவங்க ஒரு வெரலு நீட்டுக்குப் போடுவாங்கல்ல. அதுல கால்."

"நீயே போடு. எனக்குக் கை நடுங்கும்."

அப்படி அந்த வேலை என்னுடையது ஆனது. ஷிப்ட் விட்டு வந்ததும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். நகத்துக்குள் இருக்கும் கரியைக் குச்சியால் எடுப்பேன். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு மருந்தைப் பிதுக்கி, தீக்குச்சியால் நாலாகப் பிரித்து, ஒரு பங்கைப் பூசுவேன். மீதியை எவர்சில்வர் மூடியில் வழித்து வைப்பேன். தேன்மொழி குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இரண்டே நாளில் கன்னம் கண்ணாடி மாதிரி ஆனது. நிறுத்தினோம். மூன்றாம் நாள் திரும்ப வந்தது. மறுபடி போட்டோம். ஒரு வேளை இரண்டு வேளை ஆனது. அப்புறம் மூன்று. அப்புறம் நாலு. ஒவ்வொரு வேளையும் கால்தான் போட்டேன். நாலு கால் ஒன்று என்பது எனக்குத் தோன்றவில்லை.

டியூப் தீர்ந்தால் ஒரு மருந்துக் கடையில் காலி டியூபைக் காட்டுவேன். அதே டியூப் வரும். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கயல் தேறினாள். அப்படித்தான் நினைத்தோம். கன்னம் உப்பியது. வயிறு உருண்டது. பால் போதாமல் அழுதாள், கொடுக்கக் கொடுக்கக் குடித்தாள். தெருவில் தூக்கிப் போனால் எல்லாரும் கேட்டு வாங்கினார்கள். ஆறாம் மாதம் வாங்கிய கவுன் பத்தாம் மாதமும் நீளத்துக்குப் போதுமானதாக இருந்தது, அகலத்துக்குப் போதவில்லை. நெற்றியிலும் முதுகிலும் பூனை முடி வளர்ந்தது. பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

பதினோராம் மாதம் சேத்தியாத்தோப்பில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அது தேன்மொழியின் ஊர். அவளுடைய சித்தி கயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்பன் வெளக்குமாத்துக் குச்சி, மவ பூசணிக்கா. எந்தக் கடையிலடி அரிசி வாங்குற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

டியூபை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். ஐந்து நாள் தங்கினோம். ஐந்தாம் நாள் லேசாகக் காய்ச்சல். பால் வேண்டாம் என்றாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இத்தனை பேர் பார்த்த கண்ணுதான் என்றார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் நெடி வரவில்லை, பெரிய திருஷ்டி என்றார்கள். நானும் நம்பினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். கயல் வழியெல்லாம் அழவே இல்லை. பரவாயில்லை, சமர்த்தாக வருகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இறக்கினால் கை கால் ஐஸ். உடம்பெல்லாம் பிசுபிசுவென்று வேர்வை. கண் மேலே செருகி, கை வெட்டி வெட்டி இழுத்தது. தேன்மொழி போட்ட சத்தத்தில் கலியமூர்த்தி அண்ணன் லுங்கியோடு ஓடி வந்தார். சாவியை எடுத்து, அப்படியே காரில் ஏற்றினார்.

கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருபத்தெட்டு என்றார்கள். கூடினால்தான் நோய் என்று நினைத்திருந்தேன். குறைந்தால் மூளைக்குத் தீனி இல்லாமல் இப்படி இழுக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். குளுகோஸ் ஏற்றினார்கள். கண் திறந்தாள். ஆனால் ரத்த அழுத்தம் ஏறவில்லை. காரணம் பெரிய இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஆம்புலன்ஸ் வைத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். குள்ளஞ்சாவடி தாண்டும்போது மறுபடி ஒரு முறை இழுத்தது. அண்ணன் பின்னால் காரில் வந்தார்.

அப்படித்தான் அந்த அறைக்கு வந்து சேர்ந்தோம்.

டாக்டரம்மா வந்ததும் கயலின் முகத்தைப் பார்த்தார். கன்னத்தை விரலால் தொட்டார். புரட்டி முதுகு முடியைப் பார்த்தார். தொடை இடுக்கில் தோல் மெலிந்து நரம்பு தெரிவதைப் பார்த்தார். காய்ச்சல் எத்தனை நாள், வாந்தி எத்தனை தடவை, எதுவும் கேட்கவில்லை.

"என்ன ஆயின்மென்ட் தடவுறீங்க?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"கரப்பானுக்குத் தடவிகினு வந்தோம்ங்க. ஆனா அளவாத்தாங்க. கால் மட்டுந்தான்."

"கால்ல மட்டுமா?"

"இல்லிங்க. மூஞ்சி, கழுத்து, இடுக்கு. அளவுதாங்க காலு."

டாக்டரம்மா புரியாமல் பார்த்தார். தேன்மொழி பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். முதல் டியூப் வந்த பெட்டி. அளவு எழுதியிருக்கிறதே என்று கயலின் தடுப்பூசி அட்டையோடு அந்தப் பையிலேயே பத்திரமாக வைத்திருந்தோம். டாக்டரம்மா மருந்தின் பெயரைப் படித்தார். பேனா எழுத்தைப் படித்தார். நிமிர்ந்தார்.

"இது யாரோட மருந்து?"

அண்ணன் முன்னால் வந்தார்.

"எனுதுங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வேலு, அது எங் காலுப்பா. காலுக்கு மட்டும் போடுன்னு எழுதனது."

சிஸ்டர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையை மருந்து பாட்டிலுக்குத் திருப்பிக்கொண்டார். ஏழு மாதம். தீக்குச்சியால் நாலாகப் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

"மொத்தம் எத்தனை டியூப்?"

"ஒம்பதுங்க," என்றாள் தேன்மொழி.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். அந்த ஆயின்மென்ட் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டில் பல பவர் உண்டு. அண்ணனுக்குக் கொடுத்தது இருப்பதிலேயே பவர் கூடின வகை. தடித்த பாதத் தோலுக்கு அது சரி. குழந்தையின் முகத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி. மடிப்பிலும், ஜட்டி போட்டு மூடின இடத்திலும் தோல் மருந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். மேலே தடவியது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க ஓடியிருக்கிறது.

"அப்ப இந்த குண்டு?" என்று தேன்மொழி கேட்டாள்.

"குண்டு இல்லம்மா. வீக்கம். அந்த மருந்துதான் இப்படி ஊதி வெச்சிருக்கு. பாருங்க, கை காலெல்லாம் மெலிஞ்சுதான் இருக்கு. வளர்த்தி நின்னு போயிருக்கு."

தேன்மொழி கயலின் கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஏழு மாதம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பூசியிருக்கிறோம்.

சிஸ்டர் ஏற்றிக்கொண்டிருந்தது என்ன மருந்து என்று கேட்டேன். ஸ்டீராய்டு என்றார்கள்.

"அதாலதான் வந்துச்சின்னீங்க. அதையே ஏத்தறீங்களா?"

"இப்ப இது இல்லைன்னா உயிர் இல்லை," என்றார் டாக்டரம்மா.

அதற்கான காரணத்தை அவர் படம் போட்டுக் காட்டினார். தேன்மொழிக்கு அது மனதில் ஏறவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்து நான் என் வழியில் சொன்னேன்.

"கிட்னி தலையில தொப்பியாட்டம் ஒரு சுரப்பி இருக்குதாம். ஒடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்ட அதுதான் சுரக்கும். அது பர்மனென்ட் ஆளு. நாம வெளிய இருந்து பூசனது கான்ட்ராக்ட் ஆளு. கான்ட்ராக்ட் வந்து மூணு ஷிப்டும் பாத்தா பர்மனென்ட் என்னா பண்ணுவான்?"

"தூங்குவான்."

"தூங்கிட்டான். ஊருக்குப் போய் அஞ்சு நாளு பூசல. கான்ட்ராக்ட் திடீர்னு நின்னுட்டான். அந்த நேரம் பாத்து காய்ச்சல். வேல அதிகம். செய்ய ஆளு இல்ல. பெல்ட்டு நின்னு போச்சி."

அண்ணன் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் பர்மனென்ட்டைச் சொன்னதற்குப் பதில் சொல்லியிருப்பார்.

"பர்மனென்ட் எப்ப எழுந்திரிப்பான்?" என்று தேன்மொழி கேட்டாள்.

"மாசக்கணக்கு ஆவுமாம். சில பேருக்கு வருசமும் ஆவுதாம். அது வரைக்கும் மாத்திரையா குடுத்து, கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கணும். நடுவுல ஒரு நாளு விட்டாலும் இதே மாதிரி ஆயிடும்."

"எழுந்திரிக்கவே இல்லன்னா?"

அதை நானும் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். பார்க்கலாம் என்றார். அதைத் தேன்மொழியிடம் சொல்லவில்லை.

வார்டில் பதினான்கு நாள் இருந்தோம். இரண்டாம் நாளே குழந்தை கண் விழித்துப் பார்த்தாள், பால் குடித்தாள். வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தது காளான் என்றார்கள், அதுவும் அந்த ஆயின்மென்ட் செய்ததுதான், எதிர்ப்பு சக்தி குறைந்து வந்தது. அதற்கு ஒரு சொட்டு மருந்து. காலை எட்டு மணிக்கு ஒரு நாள் ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்று அதில் தெரியுமாம். ஒன்றுக்கும் கீழே இருந்தது.

தேன்மொழி அண்ணனோடு பேசவில்லை. அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷிப்ட் முடித்து பஸ் ஏறி வருவார். கூடையில் சோறு, ரசம், ஒரு பிளாஸ்கில் வெந்நீர். கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு கேட் பக்கத்தில் பைக் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"உள்ள வாங்கண்ணே."

"வேணாம்பா. நீ சாப்புட்டு ஏனத்தக் குடு."

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நான் சாப்பிட்ட ஏனத்தைக் கழுவிக்கொண்டு வந்தால் கட்டிலில் கயலும் இல்லை, தேன்மொழியும் இல்லை. ஜன்னலில் பார்த்தேன். கேட் பக்கத்தில் அண்ணன் மடியில் கயல் இருந்தாள். தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். இறங்கிப் போனேன்.

"பெட்டியில எழுதனத நீங்க எழுதலியேண்ணே," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க குடுத்தீங்க. இவுரு படிச்சாரு. நான் எதுல காலுன்னு கேட்டேன், எங்க காலுன்னு கேக்கல."

அண்ணன் கயலின் கையை விரலால் அளப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தொல்லை கரப்பான். பவர் மருந்து நின்றதும் முன்னை விட மோசமாகக் கிளம்பியது. முகமெல்லாம் சிவந்து உரிந்தது. தோல் டாக்டர் வந்து பார்த்து, ஒரு மாய்ஸ்சரைசரும் பவர் குறைந்த ஓர் ஆயின்மென்ட்டும் எழுதினார். தேன்மொழி அந்த டியூபைக் குப்பை வாளியில் போட்டுவிட்டாள். இரண்டு நாள் எனக்கே தெரியாது. குழந்தை சொறிந்து கன்னத்தில் ரத்தம் வந்த பிறகு சிஸ்டர் கேட்டார்.

"எம்மா தேனு, மருந்து எங்க?"

"நான் போட மாட்டேன் சிஸ்டர். செத்தாலும் போட மாட்டேன்."

"கத்தி வெட்டிடுச்சின்னு இனிமே காயே நறுக்க மாட்டியா? புண்ணுல சீழ் புடிச்சா அதுக்கும் இங்கதான் வரணும். மருந்து மேல தப்பு இல்ல. யாருக்கு, எந்த எடத்துக்கு, எத்தன நாளைக்குன்னு கேக்காம போட்டதுதான் தப்பு. ஏய்யா, நீ வா இங்க. வெரல நீட்டு."

நீட்டினேன். ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"இவ்ளோ பிதுக்குனா வெரலோட சேத்து பெரியவங்க உள்ளங்கை ரெண்டு அளவு எடத்துக்குப் போதும். கொழந்தையோட ரெண்டு கன்னத்துக்கு இதுல பாதி கூட வேணாம். குளிப்பாட்டி ஒத்தி எடுத்ததும் மொதல்ல மாய்ஸ்சரைசர். அது ஊறட்டும். கொஞ்ச நேரம் கழிச்சி செவப்பு இருக்கற எடத்துல மட்டும் ஆயின்மென்ட். ஒரு நாளைக்கு ஒரு தடவ. அஞ்சு நாளு. அதுக்கு மேல வேணும்னா எங்கள கேளு. டியூப காட்டி கடையில கேக்காத. மருந்து போட்ட எடத்த ஜட்டி போட்டு இறுக்கி மூடாத. மாய்ஸ்சரைசர் மட்டும் தெனமும், நல்லா இருந்தாலும்."

புது டியூப் வாங்கி வந்தேன். அவர் முன்னாலேயே நான் பூசினேன். தேன்மொழி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் சிவப்பு அடங்கியது. நிறுத்தினோம். மாய்ஸ்சரைசரைத் தேன்மொழியே போட ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டை சிஸ்டர் படித்தார். காலையில் கால் மாத்திரை, தண்ணீரில் கரைத்து.

"கால்னா நாலுல ஒண்ணுதானே சிஸ்டர்?"

"ஆமாய்யா."

"நாலுல ஒண்ணு. கொழந்தைக்கு. வாயில."

"ஆமாய்யா, இது அந்தக் கால்தான்," என்றார். சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சீட்டை வாங்கி, கால் என்பதை அடித்துவிட்டு, நாலில் ஒரு பங்கு என்று எழுதிக் கொடுத்தார்.

ஓர் அட்டையும் கொடுத்தார்கள். இந்தக் குழந்தை ஸ்டீராய்டு எடுக்கிறது, காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் உடனே ஊசி என்று அதில் இருக்கிறது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது தேன்மொழியிடம் கொடுத்துவிட்டுப் போவேன். நடுவில் ஒரு முறை காய்ச்சல் வந்தது. கூட்டிக் கொடுத்தோம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். இறங்கிவிட்டது.

மாதம் ஆக ஆக வீக்கம் வடிந்தது. கயலின் நிஜ முகம் வந்தது. எனக்கு அது புது முகம். தாடை தேன்மொழியின் தாடை. அதுவரை எங்களுக்கே தெரியாது. தெருவில் போனால், "என்னாடி பொண்ணு இப்பிடி எளச்சிப் போச்சி, சோறு போடறதில்லியா?" என்று கேட்டார்கள். தேன்மொழி ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது ஒரு வீட்டில் ஒரு பெண் உள்ளே போய் ஒரு டியூபை எடுத்து வந்து காட்டினாள். அதே டியூப். அவளுடைய குழந்தைக்கு எட்டு மாதம். தேன்மொழி, "சட்டுனு நிறுத்திப்புடாதக்கா, இன்னிக்கே டாக்டரப் பாரு," என்று சொல்லிக் கையோடு கூட்டிப் போனாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தபோது அந்தச் சுரப்பியின் அளவு மூன்று புள்ளி இரண்டு. ஆறாம் மாதம் ஐந்து. பத்தைத் தாண்டினால்தான் மாத்திரையை நிறுத்தலாம் என்றார் டாக்டரம்மா. அதற்குள் கயல் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் பிடிக்காமல் நடந்தாள்.

ஒன்பதாம் மாதம் போனோம். அண்ணன் காரில். காலை எட்டு மணி, மாத்திரை கொடுக்கவில்லை. ரத்தம் எடுக்கும்போது கயல் சிஸ்டரை உதைத்தாள். நல்ல உதை என்றார் சிஸ்டர். மதியம் மூன்று மணிக்குத் தாள் வரும் என்றார்கள். அண்ணன் டீ வாங்கி வந்தார். மூன்று டீயும் ஆறியது.

மூன்றரைக்கு லேப் ஜன்னலில் கயல் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. படித்துப் பார்க்கிற வேலையை எப்போதோ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாள் தேன்மொழி. அவள்தான் போனாள். தாளை வாங்கி, ஆங்கிலத்தை விட்டுவிட்டு, எண் இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். ஜன்னலில் இருந்தவரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"எவ்ளோ?" என்றார் அண்ணன்.

பதினொன்று புள்ளி ஆறு.